நண்டிடம் விசாரித்த கவிராயர்

பத்து வருஷமாக நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கும் கதை இது. மருதங்காட்டுப் பழைய அரண்மனையில் டிக்கெட் கிழிக்கும் வேல்சாமி அண்ணாச்சி சொன்னது. ஒரு புலவர் இப்படி மாட்டிக்கொள்வாரா என்பதல்ல என் சந்தேகம். அவர்கள் எப்படியும் மாட்டிக்கொள்வார்கள். வேறெங்கோ இடித்தது. எங்கே என்று எனக்கே பிடிபடவில்லை.

மருதங்காட்டு ராஜாவின் தம்பி இறந்துபோனார். சபைப் புலவர் செம்பொற்சோதிக் கவிராயர் நூறு பாட்டில் இரங்கல் பாடினார். அதில் தம்பியின் மனைவி நாச்சியார் பித்துப்பிடித்துத் திரிகிறாள். கூந்தல் அவிழ்கிறது. நண்டிடமும் நாரையிடமும், "என் தலைவனைக் கண்டாயோ?" என்று விசாரிக்கிறாள். அந்தக் காலப் புலவர்களுக்குப் பைத்தியம் என்றால் இவ்வளவுதான். பித்துப்பிடித்த ஒருவரையும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. முந்தின ஏட்டைப் பார்த்து அடுத்த ஏடு.

நாற்பதாவது பாட்டில், திரைக்குப் பின்னால் இருந்த நாச்சியார் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

கவிராயர் முகம் கறுத்தது. "மகாராசா, புருஷன் போய் ஒரு மாதம் ஆகவில்லை, சிரிக்கிறார். இது பித்தேதான். மேல்மாடத்து அறையில் அடைத்துக் கதவில் ஆணி அடித்துவிட வேண்டும்."

"எத்தனை நாளைக்கு?"

"ஆயுளுக்கும்."

ராஜா தச்சனைக் கூப்பிடச் சொன்னார். தச்சனும் ஆணியோடு வந்து நின்றான்.

அப்போது சபையில் யோசனை சொல்லும் சாத்தப்பன் எழுந்தான்.

"நல்ல தீர்ப்பு மகாராசா. ஆனால் சிரிப்பு ஒரு குறிதானே? மற்றக் குறிகளையும் புலவர் வாயாலேயே கேட்டுவிடலாம்."

கவிராயர் உற்சாகமாகச் சொன்னார். "தலைமயிர் விரிந்து கிடக்கும். நண்டோடு பேசும். மரத்தைக் கட்டிக்கொண்டு அழும். தானாகச் சிரிக்கும்."

"நான்கும் இருந்தால்?"

"முற்றிய பைத்தியம்! சந்தேகமே வேண்டாம்."

"யாராக இருந்தாலும் அடைக்கலாமா, மகாராசா?"

"யாராக இருந்தாலும்" என்றார் ராஜா.

சாத்தப்பன், ஆற்றுத்துறையில் துணி வெளுக்கும் மாடனை உள்ளே அழைத்தான். "கவிராயர் பாட்டுக் கட்டுவதை நீ பார்த்திருக்கிறாயா?"

"தெனமும் பாக்குறேன் சாமி. ஏடு எழுதுற ஆளு கரையில உக்காந்திருப்பாரு. கவிராயர் அய்யா குடுமிய அவுத்து விட்டுக்கிட்டு, நண்டு வளைகிட்ட குனிஞ்சு, 'என் தலைவனைக் கண்டாயோ'ன்னு பொம்பளக் கொரல்ல கேப்பாக. நண்டு பயந்து உள்ள போயிரும். ஒடனே மருத மரத்தக் கட்டிக்கிட்டு ஒரு அழுகை. எழுதி முடிச்சதும் 'ஆகா, ஆகா'ன்னு அவுகளே சிரிச்சுக்குவாக."

"மகாராசா, அது கவிதை!" என்று கத்தினார் கவிராயர்.

சாத்தப்பன் கைகட்டி நின்றான். "மேல்மாடத்தில் இருப்பது ஒரே அறை, மகாராசா. ஒரு குறி உள்ளவருக்கா, நான்கு குறியும் உள்ளவருக்கா? தச்சன் காத்திருக்கிறான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆணிகள் திரும்பிப் போயின. சாத்தப்பனுக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது.

போன மாதம் அரண்மனைக்குப் போனபோது, அண்ணாச்சி இதே கதையைச் சொல்லிவிட்டு இதே இடத்தில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டேவிட்டேன்.

"அண்ணாச்சி, கவிராயர் பேசினாரு, சாத்தப்பன் பேசினான், மாடன்கூடப் பேசினான். 'நீங்க எதுக்கும்மா சிரிச்சீங்க'ன்னு அந்த அம்மாகிட்ட ஒருத்தராவது கேட்டாங்களா?"