யானைக்காக இறங்கி வந்த மருந்து

காது கொடுத்துக் கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே. இது அரசர்கள் யானை மேல் போன காலத்துக் கதை.

சந்தனப்பாடி நாட்டை ஓர் அரசன் ஆண்டான். நல்லவன்தான். குடிகள் நோயால் சாகக் கூடாது என்று மலை உச்சியில் ஒரு வைத்தியசாலை கட்டினான். சுத்தமான காற்று, சுத்தமான சுனை, சுற்றிலும் பச்சிலை. வாசலில் ஒரு வெண்கல மணி தொங்கியது. ஏறி வந்து தன் கையால் மணியை அடிப்பவருக்கு மருந்து உண்டு. காசு வேண்டாம். அதுதான் மலையின் வழக்கம்.

நடக்க முடிந்தவர்கள் ஏறினார்கள். பணக்காரர்கள் பல்லக்கில் போய், மணியருகே இறங்கி, தங்கள் கையாலேயே அடித்தார்கள். நடக்க முடியாதவர்களும் கண் தெரியாதவர்களும் தள்ளாதவர்களும் அடிவாரத்தில் கிடந்தார்கள். மேலே மணி ஒலிக்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள்.

மாசாணன் என்ற வயதான பாகனும் அங்கே கிடந்தான். கோட்டைக் கதவு சரிந்தபோது, அரசனின் யானை கார்முகியின் முன்காலும் அவன் காலும் சேர்ந்தே நசுங்கின. மூன்று முறை தவழ்ந்து ஏறினான். மூன்று முறையும் உருண்டு விழுந்தான். கால் அழுகத் தொடங்கியது.

யானையால் மலைப் படியேற முடியாதே! அதனால் கார்முகிக்காகத் தலைமை வைத்தியர் குடை பிடிக்க, மேளம் முழங்க, மருந்துப் பானையோடு கீழே இறங்கி வந்தார்.

"சாமி, என் காலையும் ஒரு தடவை பாருங்க" என்றான் மாசாணன்.

"மேலே வந்து மணி அடித்தாயா?"

"ஏற முடிஞ்சா நான் ஏன் சாமி இங்க கிடக்கிறேன்?"

"கால்தான் போச்சு, வாய் போகல" என்று குடை பிடித்தவன் சிரித்தான்.

"யானை மட்டும் மணி அடிச்சுதா சாமி?"

"அது அரசரின் யானை" என்றார் வைத்தியர். அந்தப் பதிலை மறந்துவிடாதீர்கள்.

கார்முகி வேறு யாரையும் அண்ட விடவில்லை. அதனால் மருந்து பூசும் வேலை மாசாணனுக்கே வந்தது. "உன் காலில் ஒரு பொட்டு பட்டாலும் கை இருக்காது" என்று வைத்தியர் மிரட்டினார். அவன் தவழ்ந்து போய்ப் பூசினான். விரலில் ஒட்டியதைக்கூட யானையின் புண்ணிலேயே துடைத்தான்.

மறுநாள் அரசன் யானையைப் பார்க்கப் பல்லக்கில் வந்தான். அப்போதுதான் அது நடந்தது. கார்முகி பானைக்குள் துதிக்கையை விட்டு, விழுதை அள்ளி, மாசாணனின் காலில் மெல்ல வைத்தது.

"திருட்டுப்பயல் பழக்கி வைத்திருக்கிறான்!" என்று கத்தினார் வைத்தியர்.

அது பழக்கம்தானா என்று பார்க்க, பாகனை யானையின் கண்ணில் படாமல் ஒரு சுவருக்குப் பின்னால் தூக்கிப் போகச் சொன்னான் அரசன். புதுப் பானை வந்தது. கார்முகி மருந்தை அள்ளிக்கொண்டு மூன்று காலில் நொண்டி நடந்தது. ஒவ்வோர் அடிக்கும் தரை அதிர்ந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. முன்பின் பார்க்காத ஒரு கண் தெரியாத கிழவியின் புண்ணை முகர்ந்து, அதில் மருந்தை வைத்தது. திரும்பி வந்து அள்ளியது. ஒரு முடவனின் முழங்காலில் வைத்தது. மறுபடி வந்து அள்ளியது. எழ முடியாத ஒரு குயவனின் முதுகில் வைத்தது. பானை காலியானது. அரசரின் அந்த யானை தன் காலுக்கு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

கூட்டத்தில் தாமாகவே கைகள் குவிந்தன. அரசன் பல்லக்கை விட்டு இறங்கி, மண்ணில் மண்டியிட்டான்.

"பாகனே, உன்னை என் பல்லக்கில் மேலே அனுப்புகிறேன்" என்றான்.

மாசாணன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். "நான் மேல போய்ட்டா, இவங்களுக்கு யாரு ராசா பல்லக்கு குடுப்பா? அந்த மணியைக் கீழ இறக்குங்க."

மணி இறங்கியது. தவழ்ந்து வருபவரின் கைக்கும் எட்டும்படி அடிவாரத்தில் தொங்கியது. மாசாணன்தான் முதலில் அடித்தான். அது ஒலித்தபோதெல்லாம் வைத்தியர் இறங்கி வந்தார். எத்தனை படிகள் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மாசாணனின் கால் வளைந்துதான் தேறியது. கார்முகியின் காலும் அப்படியே. இருவரும் ஒரே மாதிரி நொண்டி ஊரைச் சுற்றி வந்தார்கள்.

எழ முடியாதவரிடம் இறங்கி வராத மருந்து, எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் மருந்தே ஆகாது.