மாடி அறையில் ராப்பகல் வேலை

எம்.எல்.ஏ. தணிகாசலம், பாவம், மக்களுக்காக வீட்டிலிருந்தபடியே உழைத்து ஓடாய்த் தேய்ந்தவர். அதற்கென்று அரசாங்கம் மாதாமாதம் கொடுத்த படிப்பணத்தில்தான் கொஞ்சம் பெருத்துப்போனார். வேலை எங்கே நடக்கிறது என்று ஊரே முணுமுணுக்கவும் விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார்.

"மாடி அறையில நான் ராப்பகலா வேலை பாக்கேன்னு சொல்லு. இல்லேன்னா உன் வேலை போயிரும்" என்று வீட்டுவேலை செய்யும் வெள்ளத்தாயைத் தணிகாசலம் முன்பே மிரட்டியிருந்தார். அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. சாமிக்குப் பயந்தவள், பொய்யும் வாயில் வராது.

அதிகாரி கேட்டதும், "வாங்கய்யா, காட்டுதேன். சத்தம் மட்டும் போடாதீங்க" என்று மாடி அறைக் கதவைத் திறந்தாள். அரசாங்கக் காசில் வாங்கிய சுழல் நாற்காலியில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"வீட்டம்மாவோட அடைக்கோழிங்கய்யா. ஆள் நடமாட்டம் இருந்தா எந்திரிச்சு ஓடிரும். ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்காத இடமாத் தேடினேன். ஊர்லயே இந்த அறைதான் ஆம்பிட்டுது."

பின்னாலேயே வந்து நின்ற தணிகாசலத்துக்கு முகம் கறுத்தது. "நாளையில இருந்து நீ வராதே!"

"சரிங்கய்யா. நாளைக்குக் குஞ்சு பொரிச்சிரும், நீங்களே பாத்துக்கிடுங்க. வீட்ல இருந்துதானே வேலை பாக்கீங்க?"

அரசாங்கப் படிப்பணம் அன்றோடு நின்றது. மறுநாள் எம்.எல்.ஏ.வே ஆள் விட்டு வெள்ளத்தாயைக் கூப்பிட்டார். அந்த வீட்டில் வேலை பார்க்கத் தெரிந்தவர் வேறு யார் இருக்கிறார்கள்?