ஏழாவது ஊர் வரும்வரை

மலைமேல் ஏழே ஏழு ஊர்கள். அதற்குப் பெயர் ஏழூர்நாடு. சுற்றிலும் சமவெளி அரசரின் பெரிய ராஜ்யம். "உங்கள் காரியத்தை உங்கள் சபையிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். காவல் மட்டும் எங்கள் பொறுப்பு" என்று இந்த அரசரின் பாட்டனார் செப்பேட்டில் வெட்டிக் கொடுத்திருந்தார். செப்பேடு பத்திரமாகத்தான் இருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

அந்த நாட்டுக்கு அதிகாரியாக வந்தவர் வில்லவராயர். ஐம்பது வயது. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. பாதை போட்டார், கிணறு வெட்டினார். நல்லது செய்கிறோம் என்கிற திமிர் இருக்கிறதே, அதுதான் அவரைக் கெடுத்தது.

ஒருநாள் மாலை அவர் அடிவாரத்து மடத்துக்குக் குதிரையில் வந்து இறங்கினார். மடத்துத் தலைவி வெள்ளியம்மை அவருடைய குரு. வயதில் அவரைவிடப் பத்து வருஷம் இளையவள்.

"ஆசீர்வாதம் வேண்டும், தாயே. நாளை விடிந்ததும் மேல்கரட்டு ஊர் ஜனங்களை அவர்களுடைய புல்மலையிலிருந்து இறக்கப் போகிறேன். வீரர்களுக்குச் சொல்லியாயிற்று."

"எதற்கு இறக்க வேண்டும்?"

"அந்த மலையை அரண்மனைக் குதிரைகளுக்கு ஒதுக்கியாகிவிட்டது. மூன்று மாதம் முன்பு சபை கூட்டி எடுத்த முடிவு. ஆறு மைல் தள்ளி வேறு மேய்ச்சல் நிலம் கூடக் கொடுத்தேன். இறங்க மாட்டோம் என்கிறார்கள். நன்றி கெட்ட ஜனங்கள்!"

"சபையில் மேல்கரட்டார் இருந்தார்களா?"

"எங்கே இருந்தார்கள்? விடிகாலையில் கூட்டம் என்று பறையறைந்து சொன்னேன். மற்ற ஆறு ஊரும் வந்து உட்கார்ந்துவிட்டது. இவர்கள் மூன்று ஓடை தாண்டி வர வேண்டுமாம். எத்தனை நேரம்தான் காத்திருப்பது? ஆரம்பித்துவிட்டேன்."

"ஆறு ஊரும் என்ன சொன்னது?"

"ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மறுப்பு உண்டா என்று மூன்று தரம் கேட்டேன். மூச்! ஏகமனதாக நிறைவேறியது என்று அரசருக்கு ஓலை அனுப்பிவிட்டேன்."

அட கடவுளே! ஏழூர்நாட்டில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஏழாவது ஊர் வந்து உட்காருகிற வரை சபை கூடும் பாறையில் யாரும் பேச மாட்டார்கள். ஒரு நாளானாலும் சரி, இரண்டு நாளானாலும் சரி, அவலை மென்றுகொண்டு காத்திருப்பார்கள். அந்த மௌனத்தைப் போய்ச் சம்மதம் என்று எழுதியிருக்கிறார் மனுஷன்! இரண்டு வருஷமாக அங்கே சோறு தின்றவர்.

"அவர்கள் வழக்கம் என்னவென்று யாரும் உமக்குச் சொல்லவில்லையா?" என்று கேட்டாள் வெள்ளியம்மை. அவள் குரல் மாறியிருந்தது.

"சொன்னார்கள், எல்லாம் முடிந்த பிறகு. ஓலை போன பிறகு என்ன வழக்கம்? மேல்கரட்டுக்காரர்கள் வாரம் தவறாமல் என் வாசலில் வந்து நின்று கும்பிடுகிறார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது."

"சரி. உள்ளே போய்க் கை கால் கழுவிக்கொண்டு கூழ் குடித்துவிட்டு வாரும்."

வில்லவராயர் கூழ் குடித்துவிட்டு வெளியே வந்தார். மரத்தடியில் குதிரை இல்லை.

"என் குதிரை எங்கே?"

"உப்பு விற்கிற தாண்டவனுக்குக் கொடுத்துவிட்டோம்" என்றாள் வெள்ளியம்மை. "பாவம், அவனுடைய கழுதைக்குக் கால் ஒடிந்துவிட்டது."

ராயர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் முகத்திலிருந்தும் சிரிப்பு போனது.

"தாயே, அது நான் குட்டியிலிருந்து கையால் தீனி கொடுத்து வளர்த்த குதிரை!"

"இருக்கட்டும். மடத்தில் நாலு கழுதை நிற்கிறது. நல்லதாக ஒன்றைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு போம்."

"கழுதையா? என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

"கேட்காமல் கொடுப்போமா? மடத்து ஆட்கள் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டேன். குதிரையைக் கொடுப்பதில் யாருக்காவது மறுப்பு உண்டா என்று மூன்று தரம் கேட்டேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை."

"நான் உள்ளே இருந்தேனே!"

"கூழ் குடித்துக்கொண்டிருந்தீர். எத்தனை நேரம்தான் காத்திருப்பது?"

"என் குதிரை அது! அதைத் தூக்கிக் கொடுக்க நீ யார்?"

குருவைப் பார்த்து 'நீ' என்று சொன்னதைக்கூட அவர் கவனிக்கவில்லை. வலது கை இடுப்பு வாளைப் பற்றியிருந்தது. கூட நின்ற மடத்து ஆட்கள் பதறிப்போய்ப் பின்வாங்கினார்கள். வெள்ளியம்மை நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"உம் கையைப் பாரும், ராயரே. குதிரை போய் அரை நாழிகை ஆகவில்லை. மலையைப் பறிகொடுத்தவர்கள் மூன்று மாதமாக உம் வாசலில் வெறுங்கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களையா நன்றி கெட்ட ஜனங்கள் என்றீர்?"