வயிற்றிலிருந்து வந்த பாட்டு

இலுப்பை மரப் பொந்தில் சிங்காரம் என்ற குண்டுகரிச்சான் குடியிருந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, எப்போதும் நிமிர்ந்த வால். பொந்துக்குள் அதன் மனைவி சொர்ணம் நான்கு முட்டைகளை அடைகாத்தது.

மரம் யாருக்கு என்பதைக் குண்டுகரிச்சான்கள் கொத்திக்கொண்டு தீர்ப்பதில்லை, பாடித்தான் தீர்க்கும். விடிந்ததும் போட்டியிடும் இரண்டும் பாடத் தொடங்க வேண்டும். யார் குரல் முதலில் நிற்கிறதோ, அது இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

ஒருநாள் காலையில் வாட்டசாட்டமான கரிச்சான் ஒன்று வந்து இறங்கியது.

"நாளைக்குப் போட்டி! தோத்தா முட்டையெல்லாம் விட்டுட்டுக் கிளம்பணும், ஆமாம்!"

சிங்காரம் பொந்தைத் திரும்பிப் பார்த்தது. இரண்டு வருஷமாகவே அது பாடவில்லை, கத்தியது! உச்சத்தில் கத்தினால்தானே காடு "பேஷ்! பேஷ்!" என்கிறது? இப்போது ஒரு பாட்டு முடிவதற்குள் தொண்டை கட்டிக்கொண்டது. சொர்ணம் சொன்னதற்காக மிளகை விழுங்கிப் பார்த்தது. எரிந்ததுதான் மிச்சம்.

வேறு வழியில்லை. பழைய குளத்துக்குப் பறந்தது.

குளத்தைப் பார்த்ததும் அதற்கு மனசு என்னவோ செய்தது. இறக்கை முளைத்த புதிதில், தொந்தியப்பன் என்ற தவளையோடு இங்கேதான் சாதகம் பண்ணியது. இரண்டுக்கும் ஒரே வயசு. கார்த்திகைக் குளிரில் தவளை கழுத்தளவு தண்ணீரில் நிற்கும். சிங்காரம் கால் நனைய நிற்கும். குரல் நடுங்கினால் போதும், "தொண்டையில பாடாதே! வயித்துலேர்ந்து எடு!" என்று தவளை தண்ணீரை வாரி அடிக்கும். இதுவும் திருப்பி அடிக்கும். பாதி நேரம் பாட்டு, பாதி நேரம் சிரிப்பு. அடடா, அதெல்லாம் ஒரு காலம்!

பெயர் வந்த பிறகு சிங்காரம் அந்தப் பக்கமே போகவில்லை. யார் கேட்டாலும், "எனக்குத் தானா வந்தது" என்று பீற்றிக்கொண்டது.

தாமரை இலைக்கடியிலிருந்து தொந்தியப்பன் தலையை நீட்டியது.

"அட, பெரிய வித்வான்! வழி தெரிஞ்சுதா?"

"உன்கிட்ட கத்துக்கிட்டேன்னு சொல்ல வெட்கப்பட்டேன்டா. என்னை மன்னிச்சுடு" என்ற சிங்காரத்துக்கு அழுகையே வந்துவிட்டது. போட்டியைப் பற்றியும் சொன்னது.

"சரி சரி, அழுது தொண்டையை இன்னும் கெடுத்துக்காதே! இலவம் பஞ்சு கொஞ்சம் கொண்டா. அலகுக்கு முன்னால தொங்கவிடு. நீ பாடணும், பஞ்சு பறக்கக் கூடாது. மூச்சைக் கொட்டாதே. கீழ் ஸ்வரம் ஒண்ணு மட்டும்!"

"ஒண்ணா? எனக்கு எத்தனை பாட்டு தெரியும்!"

"அத்தனை தெரிஞ்சும்தானே இப்படி வந்து நிக்கிறே?"

சுருக்கென்றது. இருந்தாலும் சிங்காரம் பஞ்சைக் கொண்டுவந்து தொங்கவிட்டுத் தண்ணீரில் இறங்கியது. மத்தியானம் முழுக்கப் பஞ்சு பறந்தது. பொழுது சாய்கிற நேரத்தில்தான் அசையாமல் நின்றது.

மறுநாள் விடிந்தது. வந்த கரிச்சான் எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போனது. போட்டிக்குக் கத்தச் சிங்காரத்துக்கும் தொண்டை துறுதுறுத்தது. பொந்துக்குள் நான்கு முட்டைகள்! பல்லைக் கடிக்காத குறையாக அடக்கிக்கொண்டு, கீழ் ஸ்வரத்தில் நிதானமாகத் தொடங்கியது.

"என்ன பெரியவரே, சத்தமே காணோம்!" என்று மற்றது கேலி செய்தது.

சிங்காரம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெயில் ஏறியது. எதிர்க்குரல் கரகரத்தது, உடைந்தது, கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. வந்த கரிச்சான் வாலைத் தாழ்த்திக்கொண்டு பறந்துபோனது.

சிங்காரம் நிறுத்தவில்லை.

"அவன் போய் எவ்வளவு நேரமாச்சு! போதும், வந்து ஒரு புழுவாவது சாப்பிடுங்க!" என்றது சொர்ணம்.

"அவனைத் துரத்தப் பாடினது அப்பவே முடிஞ்சுது, சொர்ணம். இது குளத்துல இருக்கறவனுக்கு. இத்தனை நாள் பாடாம விட்டதையெல்லாம் பாடணுமே!"

எவ்வளவு உயரத்துக்குப் போனாலும், முதலில் கற்ற பாடத்தையும் கூட இருந்து கற்றுத் தந்தவரையும் விட்டுவிடக் கூடாது.