அரசர் முகத்துக் களை

முன்னொரு காலத்தில், அரசருக்கு வேலை குறைவாகவும் அரண்மனையில் கண்ணாடி அதிகமாகவும் இருந்த ஒரு நாட்டை முடிகொண்டராயர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் வேளைக்கு ஒன்பது பதார்த்தம், இடையில் நெய்யில் பொரித்தது, படுக்குமுன் பாலில் ஊறியது என்று சாப்பிட்டுச் சாப்பிட்டு, நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கும் நிலைக்கு வந்திருந்தார். ஒரு நாள் காலை கண்ணாடி முன்னால் நின்றவர், தம் முகத்தில் களையே இல்லை என்று கண்டுபிடித்தார். அன்று சபையில் வேறு பேச்சு நடக்கவில்லை.

இயற்கையாக விளைந்ததை மட்டும் உண்டால் முகம் தெளியும் என்று யாரோ ஒரு வணிகன் அவரிடம் சொல்லியிருந்தான். அவன் சொன்னதில் தவறில்லை. கேட்டுக்கொண்டிருந்த காதுகளில்தான் கோளாறு. மடைப்பள்ளி அதிகாரி வச்சிரநாதர் உடனே எழுந்து, இயற்கை உணவு என்பது லேசில் கிடைப்பதல்ல என்றார். வடக்கே பனிமலையில் மனிதக் கை படாத தேன் இருக்கிறதாம். கடல் கடந்த தீவில் அரிசி தானாகவே விளைகிறதாம். மூலிகை மட்டும் மேய்கிற பசு ஒன்று எங்கேயோ இருக்கிறதாம். எல்லாவற்றையும் கொண்டுவர நாற்பது வண்டிகள் போக வேண்டும். செலவுக்குக் கவலையில்லை, பெரிய ஏரியின் கரையை உயர்த்த ஒதுக்கிய பணம் அப்படியே இருக்கிறது, கரை இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்றார். வண்டிகளை ஓட்டப்போவது தம் மைத்துனர் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

இதை அரண்மனை விகடன் கூத்தாண்டியும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் வீடு அந்த ஏரிக்கரைக்குக் கீழேதான் இருந்தது. போன ஐப்பசியில் கரை கசிந்தபோது ஊரே மண்மூட்டை சுமந்தது, அவனும் சுமந்தான். இந்த மழைக்குள் கரையை உயர்த்தாவிட்டால் கீழே உள்ள முந்நூறு வீடுகளும் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். பயம் வந்தால் வேடிக்கை பேசுவது அவன் வழக்கம்.

"அரசே, நம் நாட்டில் இயற்கை தீர்ந்துபோன செய்தி எனக்கு இப்போதுதான் தெரிகிறது. வண்டி கட்டிக்கொண்டு போய் வாங்கிவர வேண்டியிருக்கிறதே" என்றான்.

சபை சிரித்தது. அரசர் சிரிக்கவில்லை. இவனைத் தொலைக்க இதைவிட நல்ல நேரம் வராது என்று வச்சிரநாதர் கண்டுகொண்டார். கூத்தாண்டியே அரசருக்குச் சமைத்துப் போடட்டும் என்றார். கருவூலத்திலிருந்து ஒரு காசு கூடாது, கடையில் ஒரு பிடி வாங்கக் கூடாது, யாரிடமும் கேட்டும் பெறக் கூடாது. மடைப்பள்ளியிலிருந்து மாட்டுக்கொட்டிலுக்குத் தள்ளுவதை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும், யாரும் விதைக்காமல் முளைப்பது ஏதாவது இருந்தால் பறித்துக்கொள்ளட்டும் என்று கையை விரித்தார்.

அரசருக்கும் அது வேடிக்கையாகப் பட்டது. "கூத்தாண்டி, ஒரு மண்டலம் உனக்கு அவகாசம். நாற்பத்தெட்டாம் நாள் என் முகத்தில் களை இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டிகள் புறப்படும், நீயும் நாட்டை விட்டுப் புறப்படலாம்" என்றார்.

"அரசர் முகத்தில் களை இருக்க வேண்டும். அவ்வளவுதானே?" என்று கேட்டான் கூத்தாண்டி. அவ்வளவுதான் என்றார் அரசர். அதை அப்படியே ஓலையில் எழுதி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான்.

மறுநாள் கொட்டிலுக்குப் போனவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அரிசியை வெள்ளை வெளேர் என்று தீட்டிவிட்டுத் தவிட்டையும் குருணையையும் மாட்டுக்குத் தள்ளியிருந்தார்கள். வடித்த கஞ்சி, வாழைத்தண்டு, பூசணித் தோல், முள்ளங்கி இலை எல்லாம் அங்கேதான் கிடந்தன. சத்தையெல்லாம் மாடு தின்றது, சக்கையை அரசர் தின்றார். மாடுகள் பளபளவென்று இருந்ததற்கு அதுதான் காரணம். குருணையில் கஞ்சி காய்ச்சினான், தண்டைப் பொரியல் செய்தான், பூசணித் தோலை வதக்கித் துவையல் அரைத்தான். உப்பும் புளியும் மிளகாயும் மட்டும் அரசர் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தார்.

கீரைக்குத்தான் நடக்க வேண்டியிருந்தது. பறித்த கையாலேயே உண்டால்தான் பலிக்கும் என்று ஒரு போடு போட்டு, அரசரை விடியற்காலையில் ஏரிக்கு மேற்கே இருந்த கேழ்வரகுக் கொல்லைக்கு நடத்திக் கூட்டிப்போனான். அது அரண்மனைக் கொல்லை. அங்கே பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிடுங்கிய களையில் தொய்யக்கீரையையும் பண்ணைக்கீரையையும் குப்பைக்கீரையையும் மடியில் கட்டிக்கொண்டு மிச்சத்தை வரப்பில் எறிந்தார்கள். யாரும் விதைக்காதவை, யாரும் விலை சொல்லாதவை. அரசர் குனிந்து முதலில் கையில் அகப்பட்டதைப் பிடுங்கினார்.

காத்தாயி என்ற பெண் பதறிப்போய், "சாமி, அது பயிருங்க, விட்டுடுங்க. களை இந்தா இருக்கு" என்று காட்டிக்கொடுத்தாள்.

முதல் பத்து நாள் அரசர் முகத்தைச் சுளித்தபடிதான் சாப்பிட்டார். ராத்திரியில் நெய்ப் பொரியலை நினைத்து ஏங்கினார் என்று பணியாட்கள் பேசிக்கொண்டார்கள். பிறகு நடந்த நடைக்குப் பசி எடுத்தது, பசிக்குக் கஞ்சி ருசித்தது. இருபதாம் நாள் அரண்மனைப் படிகளை நிற்காமல் ஏறினார். அதைப் பார்த்த வச்சிரநாதருக்குத்தான் மூச்சு வாங்கியது.

அவர் ஒரு வேலை செய்தார். களை இருந்தால்தானே கீரை என்று, முப்பதாம் நாள் காவலர்களை அனுப்பி, அரசர் வருமுன் கொல்லையில் களையே இல்லாமல் பிடுங்கிவிடச் சொன்னார். வாள் பிடித்த கைகளுக்குக் கேழ்வரகு எது, புல் எது என்று தெரியவில்லை. அனுப்பியவருக்கும் தெரியாது. அரசர் போய்ச் சேர்ந்தபோது பாதிக் கொல்லையில் பயிரெல்லாம் வரப்பில் கிடந்தது, புல் மட்டும் நிமிர்ந்து நின்றது.

"நீங்கள் பிடுங்கியது கேழ்வரகு" என்றார் அரசர். ஒரு மாதத்துக்கு முன் அவருக்கும் அது தெரிந்திருக்காது. யார் அனுப்பியது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். வேர் வாடுமுன் பெண்கள் பயிரைத் திரும்ப ஊன்ற ஆரம்பித்தார்கள். அரசரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

வெயில் ஏறியதும் வரப்பில் உட்கார்ந்து, நீங்களும் உடம்பு நலத்துக்காகத்தான் இந்தக் கீரையைச் சாப்பிடுகிறீர்களா என்று காத்தாயியைக் கேட்டார்.

"இல்லீங்க சாமி. நெல்லுச் சோறு இல்லாததுக்குச் சாப்பிடுறோம். எங்க வீடெல்லாம் அந்தக் கரைக்குக் கீழதான் இருக்கு. கரை ஒடைஞ்சா இந்தக் கீரையும் இல்லீங்க" என்றாள் அவள்.

இப்படியொரு பதிலைக் கூத்தாண்டி அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அரசர் திரும்பும்போது ஏரிக்கரை மேலாகவே நடந்தார்.

நாற்பத்தெட்டாம் நாள் சபை கூடியது. அரசர் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்து அமர்ந்தார். வச்சிரநாதர் எழுந்தார். அரசருடைய திருமுகம் வெயிலில் கருத்திருக்கிறது, கன்னம் ஒட்டியிருக்கிறது, பொன்போன்ற களை எங்கே, சபையில் ஒருவராவது அதைப் பார்த்ததாகச் சொல்லட்டும் என்றார். சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொல்லப்போனால், எல்லாரும் அரசர் முகத்தைப் பார்ப்பதும் சட்டென்று தரையைப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

கூத்தாண்டி ஓலையை எடுத்து உரக்கப் படித்தான். பிறகு, "அரசே, களை இருக்கிறது. சபையில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள், சொல்லத்தான் பயப்படுகிறார்கள். தங்கள் மீசையின் இடப்பக்கம்" என்றான்.

அரசர் மீசையைத் தடவினார். வெந்த தொய்யக்கீரை இலை ஒன்று விரலோடு வந்தது. அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது களைதான். நானே பிடுங்கியது, எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அதற்காகவே காத்திருந்ததுபோல் சபையும் சிரித்தது.

வச்சிரநாதர், இது வெறும் சொல் விளையாட்டு என்றார். அரசர் சிரிப்பை நிறுத்தினார். "சொல் விளையாட்டுத்தான். ஆனால் களைக்கும் பயிருக்கும் வித்தியாசம் தெரியாதவர் என் மடைப்பள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அது விளையாட்டில்லை" என்றார். கூத்தாண்டிக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவன் நாற்பது வண்டிகளைக் கேட்டான்.

வண்டிகள் அன்றே புறப்பட்டன, ஏரிக்கரைக்கு மண் ஏற்றிக்கொண்டு. ஓட்டியவர் வச்சிரநாதரின் மைத்துனர், மண் வெட்டிப் போட்டவர் வச்சிரநாதர். பனிமலைக்குப் போவதைவிட இது கிட்டத்தில்தான் இருக்கிறது என்று கூத்தாண்டி அவர்களுக்கு ஆறுதல் சொன்னான்.

ஐப்பசியில் மூன்று நாள் வானம் பிளந்துகொண்டு ஊற்றியது. மூன்றாம் நாள் காலை அரசர் கரைக்கே வந்துவிட்டார். நுரைத்துக்கொண்டு வந்த தண்ணீர் புது மண்ணை மோதி மோதிப் பார்த்துவிட்டு அடங்கியது. கரை நின்றது. மண்மூட்டை சுமந்ததில் அரசர் நெற்றி முதல் தாடை வரை ஒரே சேறு. காத்தாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்பத்தான் சாமி மொகத்துல களை வந்திருக்கு" என்றாள்.

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றி, பக்கத்தில் மண்மூட்டையோடு நின்ற கூத்தாண்டியின் கழுத்தில் போட்டார். அரண்மனைக் கொல்லையில் வேலை செய்கிற எல்லாருக்கும் இனி மதியம் நெல்லுச் சோறு என்று அங்கேயே ஆணையிட்டார்.

அன்றே கரைமேல் இலை போட்டுப் பரிமாறினார்கள். சோறு வந்தது, பின்னாலேயே கீரையும் வந்தது. காத்தாயி தனக்குக் கீரை வேண்டாமென்று கையால் மறித்து, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாள். அவளுக்கு வந்த கீரையை அரசர் தம் இலையில் போடச் சொன்னார்.