புளி போட்டுத் தேய்த்த பாவை

உட்காருங்கள், சொல்கிறேன். ராஜாக்கள் நாட்டை ஆண்டார்கள், சந்தேகம் ராஜாக்களை ஆண்டது. அப்படி ஒரு காலம். அந்தக் காலத்தில் மணவூர்ப் பட்டணத்தில் தில்லைமுத்து என்று ஒரு பழஞ்சாமான் வியாபாரி இருந்தான். ஊர் ஊராகச் சந்தைக்குப் போவான். மூக்கு உடைந்த கெண்டி, காது போன அண்டா, என்றோ செத்துப்போன யானையின் கழுத்து மணி என்று எதையாவது தேடிப் பிடித்து வாங்கி வருவான். அதைப் பெரிய மனிதர்களிடம் விற்பான்.

அவனை இதுவரை யாரும் ஏமாற்றியதில்லை. அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை. எந்தப் பொருளையும் முகர்ந்து பார்ப்பான், தட்டிப் பார்ப்பான், நகத்தால் சுரண்டிப் பார்ப்பான். மனைவி வடிவு மோர் கொடுத்தால் அதையும் முகர்ந்துதான் குடிப்பான். என்ன மனுஷனோ! அவளும் எத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டாளோ!

இந்த வடிவுக்கு ஒரு தம்பி உண்டு. பெயர் காளத்தி. அம்மன் கோயிலில் விளக்கேற்றுவது அவன் வேலை. சந்நிதிக்கு இருபுறமும் இரண்டு விளக்குப் பாவைகள் நின்றன. கையில் அகல் ஏந்திய வெண்கலப் பெண்கள், முழங்கால் உயரம். எந்தக் காலத்தில் யார் வார்த்து வைத்ததோ தெரியாது. எண்ணெயும் புகையும் குடித்துக் குடித்து உடம்பெல்லாம் கருத்து, சேலை மடிப்புகளில் பச்சைக் களிம்பு ஏறி, பார்த்தாலே கும்பிடத் தோன்றும்.

ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் இடப்பக்கத்துப் பாவையைக் காணோம்.

சாவி யாரிடம் இருந்தது? காளத்தியிடம். அவ்வளவுதான், பிடித்துச் சிறையில் போட்டார்கள். "தேர்த் திருவிழாவுக்குள் பாவை திரும்பி வந்தால் இவனை விடுகிறேன். வராவிட்டால் இவன் நாட்டை விட்டுப் போகட்டும். பிறகு இந்த மண்ணை மிதிக்கவே கூடாது" என்றார் ராஜா.

வடிவு அழுதாள். "தாயில்லாப் பிள்ளைங்க அவன். என் இடுப்புல வளர்ந்தவன் திருடுவானா? நீங்கதான் சந்தை சந்தையாச் சுத்துறீங்களே, எப்படியாவது தேடிக் குடுங்க" என்றாள்.

தில்லைமுத்துவுக்கும் மைத்துனன்மேல் பிரியம்தான். ஆனாலும் மனசின் ஒரு மூலையில், 'ஒருவேளை எடுத்திருப்பானோ?' என்று ஓடிக்கொண்டே இருந்தது. அதை அவளிடம் சொல்லாமல் வண்டியைப் பூட்டினான். வடிவும் ஏறிக்கொண்டாள்.

முதலில் மேற்கே, மலையடிவாரச் சந்தைக்குப் போனார்கள். ராஜா பாவையைத் தேடுகிறார் என்ற செய்தி அவர்களுக்கு முன்னாலேயே போய்விட்டது. மழைக்குப் பிறகு காளான் முளைக்கிற மாதிரி கடைக்குக் கடை பாவைகள் முளைத்திருந்தன! ஒரு கடைக்காரன் தில்லைமுத்துவின் கையைப் பிடித்து இழுத்தான். "அரண்மனை நந்தவனத்துக் கிணத்துல கிடைச்சது ஐயா. கிணத்தைத் தோண்டினது எங்க பாட்டன்…" என்று ஆரம்பித்து, பாட்டனின் பாட்டன் வரைக்கும் கதை சொன்னான்.

தில்லைமுத்து மடியிலிருந்து புளியை எடுத்தான். எச்சில் தொட்டு, பாவையின் தோளில் ஒரு தேய் தேய்த்தான். களிம்பு அப்படியே கட்டைவிரலோடு வந்துவிட்டது. புளித்த மோரும் சாணியும் பூசி மண்ணில் புதைத்து எடுத்த களிம்பு. அடியில் புத்தம் புது வெண்கலம் பல்லைக் காட்டியது. "பாட்டனை விசாரிச்சதாச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினான்.

அடுத்து தெற்கே, கடற்கரைச் சந்தை. அங்கே ஒருவன் கதையே சொல்லவில்லை. கற்பூரத்தைக் கொளுத்தி அணைத்தான். "என் பிள்ளை மேல சத்தியம், இது பழசு" என்றான். பிள்ளையும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டியது. தில்லைமுத்து புளியை எடுத்தான், தேய்த்தான். இதிலும் களிம்பு கையோடு வந்தது. 'உலகத்தில் யோக்கியனே கிடையாது' என்று முடிவு கட்டிவிட்டான்.

கடைசியாகக் கிழக்கே, ஆற்றுத்துறைச் சந்தைக்குப் போனார்கள். திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது. வடிவுக்குச் சோறு இறங்கவில்லை. சந்தையின் கோடியில் ஓர் உப்பு வண்டி நின்றது. அதன் பக்கத்தில் ஒரு பாவை மண்ணில் கிடந்தது. உப்புக்காரன் அதன் இடுப்பில் தன் மாட்டைக் கட்டியிருந்தான்.

வடிவு பார்த்ததும் கை கூப்பிவிட்டாள். "இவதாங்க! இவளேதான்!"

"சும்மா இரு" என்று அதட்டிவிட்டு, தில்லைமுத்து உப்புக்காரனிடம் கேட்டான். "இது ஏது?"

"யாரோ வழிப்போக்கன் குடுத்துட்டு உப்பு வாங்கிட்டுப் போனான் சாமி. வேற ஒண்ணும் தெரியாது."

தெரியாதா? தில்லைமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதை சொல்கிறவனைப் பார்த்திருக்கிறான், சத்தியம் செய்கிறவனைப் பார்த்திருக்கிறான். தெரியாது என்கிற வியாபாரியை அவன் பார்த்ததே இல்லை. பொய் சொல்லக்கூட மெனக்கெடாதவன் என்றால் எவ்வளவு பெரிய எத்தனாக இருக்க வேண்டும்!

பழஞ்சாமான் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்லுகிற வழக்கம் இல்லை. இருவர் கையையும் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். தில்லைமுத்து துண்டைப் போட்டான். உப்புக்காரன் சிரித்துவிட்டான். "எதுக்கு சாமி கையை மூடுறீங்க? என் நுகத்தடி விரிஞ்சு கிடக்கு. புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்று சந்தைக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

வெண்கலப் பாவைக்கு ஒரு நுகத்தடியா? தில்லைமுத்துவின் சந்தேகம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது. ஆனாலும் வாங்கிக் கொடுத்தான்.

"இந்த அண்ணனையும் கூட்டிட்டுப் போவோங்க. ராஜாகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றாள் வடிவு.

"அதுக்கென்ன தாயி, வர்றேன்" என்றான் உப்புக்காரன்.

"கூப்பிட்டதும் வர்றான் பாரு! வழியில நம்ம கழுத்தை அறுக்கத்தான்" என்று அவள் காதில் சொல்லிவிட்டு, தில்லைமுத்து அவனை அங்கேயே விட்டுவிட்டு வண்டியை விரட்டினான்.

ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி, புளியை எடுத்தான். எச்சில் தொட்டுத் தேய்த்தான். களிம்பு வரவில்லை. அதோடு விட்டிருக்கலாம் அல்லவா? விடவில்லை. 'இது தேர்ந்த கள்ளன் பூசிய களிம்பு' என்று நினைத்தான். புளியோடு மணலைச் சேர்த்துத் தேய்த்தான். கொஞ்சம் வெளுத்தது. 'ஆகா, வருகிறதே!' என்று செங்கல்லை இடித்துப் போட்டுத் தேய்த்தான்.

"விட்டுடுங்க, உங்க கால்ல விழுறேன்! இவ முகத்தை எனக்குத் தெரியாதா?" என்று வடிவு கையைப் பிடித்தாள்.

"உனக்குத் தம்பிப் பாசம் கண்ணை மறைக்குது. ராஜா முன்னாடி போய்க் கள்ளப் பாவையை வெச்சுட்டு நான் அவமானப்படணுமா?" என்று கையை உதறினான்.

பொழுது சாய்வதற்குள் பாவை பொன் போல மின்னியது. தோளில் கருப்பு இல்லை, மடிப்பில் பச்சை இல்லை. தில்லைமுத்து இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பழசா புதுசா? இப்போது அவனுக்கே தெரியவில்லை. வேறு வழியில்லாமல் துணியில் சுற்றி அரண்மனைக்கு எடுத்துக்கொண்டு போனான்.

சபையில் வலப்பக்கத்துப் பாவையைக் கொண்டுவந்து இதன் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவள் கரிய கிழவி, இவள் நேற்றுப் பிறந்தவள். கோயில் பூசாரி பார்த்த உடனே உதட்டைப் பிதுக்கினார். வெண்கல வேலை செய்கிற அரண்மனைக் கன்னான் இரண்டையும் தராசில் வைத்தான். எடை சரியாக இருந்தது. "கள்ளப் பாவை வார்க்கிறவன் எடையையா தப்ப விடுவான்?" என்றார் மந்திரி. சபை சிரித்தது.

சங்கிலியோடு காளத்தியை அழைத்து வந்தார்கள். அவன் பாவையின் முகத்தைத் தடவினான். அழுதுவிட்டான். "இவதான் மகாராஜா. தினமும் எண்ணெய் ஊத்தின எனக்குத் தெரியாதா?" என்றான். அதற்கும் சபை சிரித்தது. கைதி வேறு என்ன சொல்லுவான்?

தில்லைமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. மைத்துனனின் அழுகையில் பொய் இல்லை. தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தான். "மகாராஜா! இதுதான் உண்மைப் பாவை. உப்புக்காரன் ஒருத்தன்கிட்ட வாங்கினேன். நான் புளி போட்டுத் தேய்ச்சதுலதான் இப்படி வெளுத்துப்போச்சு. நம்புங்க!"

"அந்த உப்புக்காரன் எங்கே?" என்று கேட்டார் ராஜா.

"கூட்டிட்டு வரலை மகாராஜா."

"போகட்டும். நீ இதை உண்மைப் பாவை என்று நம்பினாயா?"

"நம்பினேன் மகாராஜா."

"நம்பியிருந்தால் ஏனப்பா இப்படித் தேய்த்தாய்?"

தில்லைமுத்து புளிக்கறை படிந்த தன் கட்டைவிரலைப் பார்த்தான்.

ஆற்றுத்துறைக்கு ஆள் அனுப்பினார்கள். சந்தை கலைந்துவிட்டது, உப்பு வண்டி எந்தத் திசையில் போயிற்றென்று யாருக்கும் தெரியவில்லை. தேர் நிலைக்கு வந்த அன்றே காளத்தியை நாட்டின் எல்லைக்குக் கூட்டிப் போனார்கள். வடிவும் தில்லைமுத்துவும் பின்னாலேயே போனார்கள்.

எல்லைக் கல்லின் பக்கத்தில் காளத்தி நின்றான். "அத்தான், நான் எடுக்கலைன்னு நீங்களாவது நம்புறீங்களா?" என்று கேட்டான்.

"நம்புறேன்டா" என்றான் தில்லைமுத்து. அன்றைக்கு அவன் மெய்யாகவே நம்பினான். அதனால் யாருக்கு என்ன லாபம்? காளத்தி அக்காளைக் கும்பிட்டுவிட்டு எல்லையைத் தாண்டி நடந்தான்.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: எதையும் நம்பாதவன் பொய்யிடம் ஏமாறாமல் இருக்கலாம், ஆனால் கைக்கு வந்த உண்மையையும் தன் கையாலேயே பொய்யாக்கி, தன்னை நம்பியவரைக் கெடுத்துவிடுவான்.