மற்றவை மாறாதிருக்க

“நிறுத்திக்கிடலாம்னு இருக்கேன் மேடம்” என்றாள் சண்முகவடிவு.

ஹெப்சிபா மேடம் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

முதுகலைப் பொருளாதாரத்தின் கடைசி வகுப்பு அன்றோடு முடிந்திருந்தது. இனிப் படிப்பு விடுமுறை, அதன்பின் பரீட்சை. மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள்.

அந்த வகுப்பில் வடிவுக்குத்தான் வயது அதிகம். பாடம் நடத்துகிறவரைவிடவும் மூத்தவள். மகளைக் கூட்டிப்போக வந்தீங்களா என்று பஸ் கண்டக்டர் கேட்டதுண்டு. அந்த மகளே நான்தான் என்று சொல்லிச் சிரித்தவள் அவள்.

இன்று சிரிப்பு வரவில்லை.

மாமியார் உலகம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் பிளேட் வைத்துக் கட்டிலில் கிடக்கிறாள். தண்ணீர் கொடுக்க, திருப்பிப் படுக்கவைக்க, எல்லாவற்றுக்கும் வடிவுதான். புத்தகத்தைத் திறந்தால் கட்டிலிலிருந்து குரல் வரும். மூடினால் நின்றுவிடும்.

இளங்கலைப் பட்டம் வாங்கிய வருஷம் அப்பா படுக்கையில் விழுந்தார். பிறகு கல்யாணம். பிறகு பிள்ளைகள். எல்லாம் ஒரு நிலைக்கு வரட்டும் என்று ஒவ்வொரு தடவையும் படிப்பைத் தள்ளிவைத்தாள். இப்போதும் அதைத்தான் சொன்னாள். வீடு ஒரு நிலைக்கு வந்ததும் எழுதிக்கொள்கிறேன் என்றாள்.

மேடம் சாக்பீஸை நீட்டினார்.

“தேவைக் கோடு போடுங்க அக்கா.”

முதல் வாரத்துப் பாடம் அது. வடிவு போட்டாள். இடமிருந்து வலமாகச் சரிந்தது கோடு.

“விதி?”

“விலை ஏறினா தேவை குறையும்.”

மேடம் விரலால் கோட்டைத் தட்டினார்.

வடிவு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எந்தப் பரீட்சையிலும் அவள் எழுத மறக்கிற இரண்டு சொற்கள். மேடம் தவறாமல் மதிப்பெண் குறைக்கிற இடம்.

“மற்றவை மாறாதிருக்க, விலை ஏறினா தேவை குறையும்.”

“மற்றவைன்னா?”

வருமானம், ருசி, மற்றப் பொருள்களின் விலை, நாளையைப் பற்றிய எதிர்பார்ப்பு என்று வரிசையாகச் சொன்னாள்.

“இது ஒன்னும் மாறாம நின்ன ஊரு ஏதாவது தெரியுமா உங்களுக்கு?”

“அப்படி ஊரு ஏது மேடம்.”

“எழுதி வச்சவங்களுக்கும் தெரியாது.”

அவ்வளவுதான். நாளை மத்தியானம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு மேடம் பையை எடுத்துக்கொண்டார்.

சொன்னபடி வந்தார். ஸ்டூலை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தார்.

உலகம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். டீச்சரே இத்தனை சின்னப் பிள்ளையா, அப்போ படிக்கிறவளைத் தொட்டிலில்தான் போடவேண்டும் என்றாள். வடிவு அடுக்களைக்குள் போய்விட்டாள். காபி ஆற்றும்போது பேச்செல்லாம் காதில் விழுந்தது.

மேடம் ஊர்க்கதை பேசுவதுபோல அந்த விதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கத்திரிக்காய் விலையையும், வாங்காமல் திரும்புகிறவர்களையும், அந்த இரண்டு சொற்களையும்.

“எல்லாம் அசையாம நிக்கும்னு சொல்லுதீயளே, எங்கயாச்சும் நிக்குமா?” என்றாள் உலகம்மாள்.

“நிக்காது ஆச்சி.”

“அப்ப பொய்தான?”

“பொய்தான். ஆனா அது இல்லாம ஒரு கோடுகூடப் போட முடியாது.”

உலகம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மேடம் காபியைக் குடித்தார். வடிவின் பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். இதற்காகவா வந்தார் என்று வடிவுக்கு ஆற்றாமையாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட எடுத்துப் போனாள்.

“ஏட்டி, அதை எங்க கொண்டு போற? இங்கன உக்காந்து படி.”

கட்டிலை ஒட்டித் தரையில் பாயை விரித்தாள். வழக்கம்போலக் கேட்டாள், தண்ணீர் வேண்டுமா, காலைத் திருப்பி வைக்கவா என்று.

பதில் இல்லை. உலகம்மாள் கண்ணை மூடியிருந்தாள். கோபம்போல என்று நினைத்தாள் வடிவு. மூச்சு வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். வந்துகொண்டிருந்தது.

படிக்க ஆரம்பித்தாள்.

ஒரு ஈ வந்து மாமியாரின் நெற்றியில் உட்கார்ந்தது. நெற்றி சுருங்கியது, கை எழவில்லை. நல்ல தூக்கம் என்று எண்ணி, புத்தகத்தாலேயே விசிறி ஓட்டிவிட்டு, விட்ட வரிக்குத் திரும்பினாள்.

வெயில் சுவரைவிட்டு இறங்கியபோது பாடம் முடிந்தது. கல்யாணமாகி வந்த இந்த வீட்டில், நடுவே எழுந்திருக்காமல் அவள் படித்து முடித்த முதல் பாடம்.

புத்தகத்தை மூடினாள்.

“முடிச்சிட்டியா?”

கண் இன்னும் மூடித்தான் இருந்தது.

“முடிச்சிட்டேன் அத்தை.”

“அப்ப இனி அசையலாம்ல? நீ உக்காந்ததுலேர்ந்து தொண்டை காயுது.”

எழுந்த வடிவு தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. கட்டிலின் கால்மாட்டில் போய்க் குனிந்தாள். அந்தப் பாதங்களில் நெற்றி பட்டது. வெகுநேரம் நிமிரவில்லை.

“கும்பிடெல்லாம் பரீட்சை எழுதிட்டு வந்து வச்சுக்கிடலாம். முதல்ல தண்ணியக் குடு.”